பிள்ளையை வளர்ப்பதில் தெருவுக்கும் பங்கு உண்டு

1994க்கும் 1998க்கும் இடையில் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். வேறு பகுதிக்குப் போக உதவி கிடைத்தால், எதற்காகப் போவீர்கள்? பெரிய வீடு, நல்ல பள்ளிக்கூடம், வேலை என்று பல பதில்கள் வந்தன. ஆனால் நான்கில் மூன்று பங்குக் குடும்பங்கள் முதல் காரணமாகவோ இரண்டாவது காரணமாகவோ சொன்னது ஒன்றைத்தான்: போதைப்பொருளும் ரவுடிக் கும்பல்களும் இல்லாத இடம் வேண்டும். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த தாய்மார்கள்.

ஒருவருக்கு மனநலப் பிரச்சினை என்றால் நாம் உடனே வீட்டைத்தான் பார்ப்போம். அப்பா குடிப்பாரா, வீட்டில் சண்டையா, பணக்கஷ்டமா, பரம்பரையில் யாருக்காவது இருந்ததா என்று கேட்போம். எந்தத் தெருவில் வளர்ந்தாய் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் கடந்த முப்பது நாற்பது வருட ஆராய்ச்சி சொல்வது. எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள், அதில் எவ்வளவு உறுதி, எங்கே சிக்கல் என்பதை இங்கே முதலிலிருந்து பார்ப்போம்.

ஏழை வீடு வேறு, பின்தங்கிய தெரு வேறு

ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டின் வாசலில் பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நடந்து போகும் தூரத்தில் பள்ளி, நூலகம், ஒரு மைதானம். இன்னொரு வீட்டைச் சுற்றி இருட்டு. தெருவிளக்கு எரியாது, குப்பை அள்ள வண்டி வராது, பொழுது சாய்ந்தால் அம்மா தாழ்ப்பாள் போட்டுவிடுவார். இரண்டு வீட்டிலும் வருமானம் ஒன்றுதான். பிள்ளைகள் வளரும் உலகம் ஒன்றில்லை.

இந்த இரண்டாவது வித்தியாசத்தைத்தான் வட்டாரப் பின்னடைவு என்கிறோம். அதை அளக்க ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சுமார் 1,500 பேர் வாழும் சிறு சிறு பகுதிகளாக நாட்டைப் பிரித்து, வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீட்டுவசதி, சுற்றுப்புறம் என ஏழு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். டென்மார்க்கில் அந்தப் பகுதி மக்களின் வருமானத்தையே முக்கிய அளவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எது முதலில் வந்தது?

சிகாகோவில் இரண்டு சமூகவியலாளர்கள், ராபர்ட் ஃபாரிஸ், வாரன் டன்ஹாம், 1939ல் வெளியிட்ட ஆய்வுக்காக மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களின் முகவரிகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். மனச்சிதைவு நோய் வந்தவர்கள் நகரின் நடுவே, மலிவான அறைகளும் அடிக்கடி ஆள் மாறும் தெருக்களும் இருந்த பகுதிகளில் குவிந்திருந்தார்கள். வெளியே போகப் போக எண்ணிக்கை குறைந்தது. அளவுகடந்த உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு அப்படி ஒரு ஒழுங்கு தெரியவில்லை.

உடனே ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. தெரு நோயைக் கொடுத்ததா, அல்லது நோய் வந்தவர்கள் வேலை இழந்து, வாடகை கட்ட முடியாமல் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்களா? இரண்டுமே வரைபடத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். இந்தத் துறை முழுக்க இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறது. குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு ஒரு காரணமும் இதுதான். ஆறு வயதுப் பிள்ளை தன் தெருவைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் அதன் பெற்றோர் தேர்ந்தெடுக்கிறார்களே? பெற்றோருக்கு மனச்சோர்வு இருந்து, அதனால் வருமானம் குறைந்து, அதனால் அந்தத் தெருவுக்கு வந்து, பிறகு பிள்ளைக்கும் மனச்சோர்வு வந்தால், குற்றத்தை யார் மேல் போடுவது?

சரி, இதற்கு என்ன வழி? குலுக்கல்தான். முதலில் சொன்ன அந்த ஐந்து நகரங்களில், பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க்கில், அமெரிக்க அரசு செய்தது அதைத்தான். 'மூவிங் டு ஆப்பர்சூனிட்டி' என்று திட்டத்துக்குப் பெயர். விருப்பம் தெரிவித்த சுமார் 4,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாடகை வவுச்சர், அதாவது வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் சீட்டு, கொடுத்தார்கள். ஆனால் வறுமை 10 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பகுதியில்தான் வீடு பிடிக்க வேண்டும். இன்னொரு பிரிவுக்கு எங்கே வேண்டுமானாலும் வீடு பிடிக்கலாம் என்ற வவுச்சர். மூன்றாம் பிரிவுக்கு வவுச்சர் இல்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே அரசுக் குடியிருப்பில் தொடரலாம்.

குலுக்கலில் பெயர் விழுவதற்கும் அந்த அம்மாவின் மனநிலைக்கும், பிள்ளையின் குணத்துக்கும், குடும்பப் பின்னணிக்கும் சம்பந்தம் இல்லை. அதனால் பத்துப் பதினைந்து வருடம் கழித்து இந்தப் பிரிவுகளுக்கு நடுவே வித்தியாசம் தெரிந்தால், அதற்கு இடமாற்றம்தான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். சமூக அறிவியலில் இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

குலுக்கல் காட்டியது

பெரியவர்களின் கதை ஓரளவு எதிர்பார்த்த மாதிரியே இருந்தது. வருமானம் கூடவில்லை. ஆனால் தாய்மார்களின் மன உளைச்சல் குறைந்தது, வாழ்க்கையில் திருப்தி கூடியது, கடுமையான உடல் பருமனும் நீரிழிவும் குறைந்தன. பையில் காசு அதே அளவில் இருக்க, மனமும் உடம்பும் தேறியிருக்கின்றன. தெரு மாறியதால் மட்டுமே.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எல்லோரும் திகைத்துப் போனார்கள். மனநல ஆய்வாளர் ரொனால்டு கெஸ்லரும் குழுவினரும் 2014ல் வெளியிட்ட முடிவுகள் இவை. இவர்கள் பார்த்தது, திட்டத்தில் சேரும்போது 8 வயதோ அதற்குக் கீழோ இருந்து, ஆய்வு நடந்தபோது 13 முதல் 19 வயதில் இருந்த பிள்ளைகளை. எங்கும் போகலாம் என்ற வவுச்சர் கிடைத்த குடும்பங்களின் பெண்பிள்ளைகளில் 6.5 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு இருந்தது. வவுச்சர் கிடைக்காத குடும்பங்களின் பெண்பிள்ளைகளில் அது 10.9 சதவீதம். நல்ல குறைவு.

ஆண்பிள்ளைகளிடம் அப்படியே தலைகீழ். வறுமை குறைந்த பகுதிக்குப் போக வவுச்சர் கிடைத்த பையன்களில் 7.1 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு. கிடைக்காத பையன்களில் 3.5 சதவீதம்தான். கோரமான சம்பவங்களுக்குப் பிறகு நினைவுகள் துரத்தித் துரத்தி வதைக்கும் பேரதிர்ச்சி நோய், வவுச்சர் கிடைக்காத பையன்களில் 1.9 சதவீதம், கிடைத்தவர்களில் 6.2 சதவீதம். நல்ல தெருவுக்குப் போன பையன்கள் ஏன் உடைந்து போக வேண்டும்?

வேறு சில ஆய்வாளர்கள் பால்டிமோரிலும் சிகாகோவிலும் இதே திட்டத்து இளைஞர்களிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். அதில் கிடைத்த விளக்கம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பெண்பிள்ளைகள் பொழுதைத் தோழி வீட்டிலோ கடைவளாகத்திலோ கழித்தார்கள். புதிய இடத்தில் அது எளிதாகப் பொருந்தியது. பையன்களுக்குப் பழகியது தெருமுனையில் நிற்பதும் திறந்த வெளியில் விளையாடுவதும். புதிய பகுதியில் கறுப்பினப் பையன்கள் நாலு பேர் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் சந்தேகத்தோடு பார்த்தார்கள், போலீஸ் வந்து விசாரித்தது. அதோடு, பழைய இடத்தில் அவர்களைக் கண்டித்து அரவணைத்த மாமாக்கள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள் போன்ற ஆண்களின் துணையும் விட்டுப்போயிற்று. பெண்பிள்ளைகளுக்கோ, பழைய குடியிருப்பில் தினமும் அனுபவித்த பாலியல் சீண்டல் பற்றிய பயம் விட்டுப்போயிற்று. வெளியேறிய இருவருமே எதையோ விட்டுவிட்டுத்தான் போனார்கள். பெண் விட்டது பயத்தை, பையன் விட்டது ஆட்களை.

இதே திட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 9 வயதில் டெல்லியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி, சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பின் வரிக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். 13 வயதுக்கு முன்பே வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோனவர்கள், இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். 13 வயதுக்குப் பிறகு போனவர்களுக்கு அந்த லாபம் இல்லை, கொஞ்சம் நஷ்டம்கூட. இது வருமானத்தைப் பற்றிய கணக்கு, மனநலத்தைப் பற்றியது இல்லை. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது: தெரு என்பது மருந்து மாதிரி, எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டாய், எந்த வயதில் எடுத்துக்கொண்டாய் என்பதைப் பொறுத்து வேலை செய்கிறது.

தெரு எப்படி மனதுக்குள் நுழைகிறது?

பல வழிகள் இருக்கின்றன. பழைய வீட்டுச் சுவர்ப் பெயின்ட்டிலும் மண்ணிலும் இருக்கும் ஈயம் நேராக மூளையைப் பாதிக்கிறது. இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது. பச்சை இல்லாத இடமும் ஒரு காரணமாக இருக்கலாம். டென்மார்க்கில் 9 லட்சத்துக்கும் அதிகமானவர்களைத் தொடர்ந்த ஆய்வில், மரம் செடி மிகக் குறைவான இடத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிற்கால மனநலப் பிரச்சினை வரும் அபாயம் 55 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. ஆனால் நான் நின்று பேச விரும்புவது இரண்டு வழிகளைப் பற்றி.

முதலாவது பயம். ஆபத்து வந்தால் உடம்பு கார்டிசால் போன்ற ஹார்மோன்களைச் சுரந்து, இதயத்தை வேகப்படுத்தி, ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. ஆபத்து போனதும் அடங்கிவிட வேண்டும். தினமும் ஆபத்து இருக்கிற தெருவில் அது அடங்குவதில்லை. பிள்ளை படுக்கையில் இருந்தாலும் காது வாசலில் இருக்கும். சமூகவியலாளர் பேட்ரிக் ஷார்க்கி 2010ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. சிகாகோவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு வாசிப்பு, சொல்லறிவுத் தேர்வுகள் நடந்த தேதியையும், அவர்கள் வீட்டுக்கு அருகில் கொலை நடந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அக்கம்பக்கத்தில் கொலை நடந்த அதே வாரத்தில் தேர்வு எழுதிய பிள்ளைகளின் மதிப்பெண், அதே பகுதியில் வேறு நேரத்தில் எழுதிய பிள்ளைகளுடையதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. அந்தப் பிள்ளைகள் கொலையை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு வாரத்துக்கே இப்படி என்றால், பதினைந்து வருடத்துக்கு?

பிள்ளையின் பயம் தனியாகவும் வருவதில்லை. அதே தெருவில்தான் அம்மாவும் தூங்காமல் கிடக்கிறார். தூக்கம் கெட்ட அம்மா எரிந்து விழுவார், வெளியே விடமாட்டார், கதை சொல்ல அவருக்குத் தெம்பு இருக்காது. தெருவின் பாதிப்பில் கணிசமான பங்கு பெற்றோர் வழியாகத்தான் பிள்ளைக்கு வந்து சேர்கிறது.

இரண்டாவது வழி, கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போவது. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற பேச்சு நம்மில் பலரை வாட்டி எடுத்திருக்கிறது, எனக்கும் அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் பள்ளி நேரத்தில் ஊர் சுற்றும் பையனை நிறுத்தி 'ஏன்டா ஸ்கூலுக்குப் போகலையா?' என்று கேட்பதும் அதே நாலு பேர்தான். 1995ல் சிகாகோவின் 343 வட்டாரங்களில் 8,782 பேரிடம் சமூகவியலாளர் ராபர்ட் சாம்சனும் சக ஆய்வாளர்களும் கேட்ட கேள்விகளில் ஒன்று கிட்டத்தட்ட இதேதான்: பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தெருமுனையில் நின்றால், உங்கள் அக்கம்பக்கத்தார் தலையிடுவார்களா? வீட்டு வாசலில் சண்டை நடந்தால்? உங்கள் அயலாரை நம்பலாமா? தலையிடுவோம், நம்புவோம் என்று சொன்ன வட்டாரங்களில், வறுமை அதே அளவு இருந்தும், வன்முறை குறைவாக இருந்தது.

ஆட்கள் அடிக்கடி காலி செய்துகொண்டே இருக்கும் தெருவில் இந்த நம்பிக்கை வளர நேரமே கிடைப்பதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர் தெரிவதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள்.

இடம் மாறுவதும் ஒரு காயம்

2024ல் டென்மார்க்கிலிருந்து இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. 1982 முதல் 2003 வரை பிறந்த சுமார் 11 லட்சம் பேர். அங்கே ஒவ்வொருவரின் முகவரி மாற்றமும் மருத்துவப் பதிவும் அரசிடம் இருப்பதால், யார் எந்த வயதில் எங்கே இருந்தார்கள் என்பதைப் பிறப்பிலிருந்து தொடர முடிகிறது. ஏழைப் பகுதியில் வளர்ந்தவர்களுக்குப் பெரியவர்களான பின் மனச்சோர்வு வரும் அபாயம் 10 சதவீத அளவுக்குக் கூடுதலாக இருந்தது. 10 வயதிலிருந்து 15 வயதுக்குள் ஒரு தடவை வீடு மாறியவர்களுக்கு 41 சதவீதம் கூடுதல். இரண்டு தடவை அல்லது அதற்கு மேல் என்றால் 61 சதவீதம்.

இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் அதைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். 41 சதவீதம் கூடுதல் என்றால், வீடு மாறிய 100 பேரில் 41 பேருக்கு நோய் வந்தது என்று பொருள் இல்லை. அந்த ஆய்வில் மொத்தமாகவே 100க்கு 3 பேருக்குத்தான் மனச்சோர்வு என்று பதிவாகியிருந்தது. 3 பேர் என்பது 4 பேருக்குச் சற்று மேலே போகிறது, அவ்வளவுதான். ஒரு பிள்ளையைப் பார்த்து இவனுக்கு இப்படித்தான் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் லட்சம் பிள்ளைகள் என்று எடுத்தால் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாழ்க்கைகள். தனி ஆளின் தலையெழுத்தாக அதைப் படிக்கக் கூடாது. ஊருக்கு எங்கே வேலை இருக்கிறது என்று காட்டும் குறிப்பாகப் படிக்கலாம்.

டென்மார்க் ஆய்வில் குலுக்கல் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். குடும்பங்கள் விவாகரத்து, கடன், வேலையிழப்பு என்று ஏதோ ஒன்றுக்காகத்தான் வீடு மாறுகின்றன. ஆய்வாளர்கள் எவ்வளவு கழித்துப் பார்த்தாலும் அதன் நிழல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் அமெரிக்கப் பையன்களின் கதையையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், பிள்ளையை அதன் ஆட்களிடமிருந்து பிரிப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதை ஒதுக்கித் தள்ள முடியாது.

இதைப் படிக்கும்போது என்னால் சென்னையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கும் கொண்டுபோய் விடப்பட்டன. அமெரிக்காவில் நடந்தது வறுமை குவிந்த இடத்திலிருந்து விரும்பியவர்களைக் கலைத்து அனுப்பியது. இங்கே நடந்தது நகரம் முழுக்கச் சிதறியிருந்த ஏழைகளை எடுத்து, ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் குவித்தது. பள்ளி ஆண்டின் நடுவே மாற்றப்பட்ட பிள்ளைகளும் அதில் உண்டு. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். தன் முகவரியைச் சொல்லத் தயங்கும் நிலைக்கு ஒரு பதினேழு வயதுப் பிள்ளை வந்துவிட்டால், தெரு அவன் மனதுக்குள் எந்த வழியாகப் போயிற்று என்று தேட வேண்டியதில்லை.

அதே கண்ணகி நகரில் கபடி விளையாடி வளர்ந்த ஒரு பெண், 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அவருக்கு அங்கே ஆடுவதற்கு ஓர் இடம் இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார், கூட ஆடத் தோழிகள் இருந்தார்கள்.

இருக்கிற தெருவையே சரிசெய்தால்?

எல்லாக் குடும்பத்தையும் நல்ல தெருவுக்கு மாற்ற முடியாது. மாற்றுவதிலும் காயம் உண்டு என்று பார்த்தோம். அப்புறம் மிச்சம் இருப்பது, பிள்ளை இருக்கிற தெருவையே மாற்றுவது. அது நடக்கிற காரியமா என்பதையும் குலுக்கல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், இந்த முறை ஃபிலடெல்ஃபியாவில்.

அங்கே குப்பையும் புதரும் மண்டிக் கிடந்த 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கலில் விழுந்த சில மனைகளைச் சுத்தம் செய்து, சமன்படுத்தி, புல் விதைத்து, ஓரிரண்டு மரம் நட்டு, மாதாமாதம் பராமரித்தார்கள். சிலவற்றில் குப்பையை மட்டும் அள்ளினார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். சுற்றி வாழ்ந்த 342 பேரிடம் முன்னும் பின்னும் மனநிலையைக் கேட்டார்கள். இவர்கள் பெரியவர்கள், குழந்தைகள் இல்லை. ஆனால் பெற்றோரின் மனம் வழியாகத் தெரு பிள்ளைக்குப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். எதுவும் செய்யாமல் விட்ட மனைகளின் அருகில் வாழ்ந்தவர்களோடு ஒப்பிட்டால், பச்சையாக்கிய மனைகளின் அருகில் வாழ்ந்தவர்களிடம் 'மனம் சோர்ந்திருக்கிறது' என்று சொல்வது 41.5 சதவீதம் குறைந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்த வட்டாரங்களில் இன்னும் அதிகம், 68.7 சதவீதம். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை.

ஒரு மனைக்கு ஆன செலவு 1,600 டாலர் அளவில். யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை, எந்தப் பிள்ளையும் பள்ளி மாறவில்லை. மனைகளைச் சுற்றிக் கட்டியது தாழ்வான மரவேலிதான். மறுபடி யாரும் வண்டியில் குப்பை கொண்டுவந்து கொட்டாமல் இருக்க அந்த வேலி. ஆனால் அக்கம்பக்கத்து ஆட்கள் உள்ளே போய் உட்கார, அதில் அங்கங்கே வழி விட்டிருந்தார்கள்.